250 வெள்ளிக்கு முழங்கும் எக்ஸோஸ்ட்: செய்யலாமா?

கேள்வி: எனக்கு 22 வயது. சுங்கை சிப்புட்டில் இருந்து தினமும் ஈப்போவுக்கு வேலைக்குப் போய் வருகிறேன். போன மாதம் பழைய மைவி 1.3 கார் ஒன்று வாங்கினேன். சத்தம் கொஞ்சம் கெத்தாக இருக்க வேண்டும் என்று ஆசை. டவுனில் ஒரு பட்டறையில் கேட்டேன். எக்ஸோஸ்ட் என்ற புகைக்குழாயில் சத்தத்தை அடக்க நடுவில் உள்ள ரெசொனேட்டரையும் பின்னால் உள்ள மஃப்ளரையும் வெட்டிவிட்டு நேர்க்குழாய் வைக்க 250 வெள்ளி என்றார்கள். புகையின் விஷத்தைக் குறைக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரையும் எடுத்துவிட்டால் இழுவை கூடும், அதற்குக் கூலி வேண்டாம் என்றும் சொன்னார்கள். செய்யலாமா?

பதில்: தம்பி, வேண்டாம். கூலி வேண்டாம் என்று சொன்னார்களே, அங்கேதான் உங்களுக்குப் பெரிய நட்டம். அந்தக் கன்வெர்ட்டருக்குள் தேன்கூடு மாதிரி ஒரு பீங்கான் கட்டி இருக்கும். அதன் மேல் பிளாட்டினம், பலேடியம், ரோடியம் என்ற உலோகங்கள் மெல்லியதாகப் பூசப்பட்டிருக்கும். மூன்றுமே விலை உயர்ந்தவை. ஓடித் தேய்ந்த வண்டியில் இருந்து கழற்றியதைக்கூட எடைக்கு வாங்க ஆள் இருக்கிறார்கள். கூலி வாங்காமல் கழற்றுகிறவர் அந்தப் பொருளை எடுத்துக்கொண்டால், உங்கள் பணத்தைத்தான் எடுத்துக்கொள்கிறார். பிறகு ஒருநாள் ஒரிஜினல் கன்வெர்ட்டர் வேண்டும் என்று போய்க் கேட்டால், 250 வெள்ளியைப் போலப் பல மடங்கு விலை சொல்வார்கள்.

கார்பன் மோனாக்சைடு, எரியாத பெட்ரோல் ஆவி, நைட்ரஜன் ஆக்சைடு ஆகியவற்றை விஷம் குறைந்த வாயுக்களாக மாற்றுவது அந்தப் பாகம். அதை எடுத்தால் பின்னால் இருக்கும் ஆக்சிஜன் சென்சார் கண்டுபிடித்துவிடும், டேஷ்போர்டில் என்ஜின் விளக்கு எரியும். அது எரிச்சல் மட்டும்தான். எனக்குப் பயமெல்லாம் வெல்டிங்கில்தான். அவசரத்தில் ஒட்டிய குழாயில் ஓர் ஊசி ஓட்டை இருந்தால்கூடப் புகை வண்டிக்கடியில் கசியும். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. என்ஜினை ஓடவிட்டு ஏர்கோன் போட்டுத் தூங்குகிற பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. அந்தப் புகை வண்டிக்குள் புகுந்தால் தூக்கத்திலேயே உயிர் போகலாம். தயவுசெய்து இதை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

இழுவை கூடும் என்பதற்கு வருகிறேன். 1.3 லிட்டர் என்ஜினுக்குத் தேவையான அளவில்தான் தொழிற்சாலை குழாய் போட்டிருக்கிறது. அதைவிடப் பெரிய குழாய் போட்டால் வாயு போகும் வேகம் குறையும், என்ஜின் மெதுவாகச் சுற்றும்போது இழுவை தளரும். செம்பனைக் குலை ஏற்றிய லோரியை முந்தும்போது அது உங்களுக்கே தெரியும். சத்தம் பெரிதாகக் கேட்பதால் வேகம் போகிற மாதிரி இருக்கும், அவ்வளவுதான்.

அப்புறம் அந்தச் சத்தம். மஃப்ளர் மொத்த இரைச்சலையும் குறைக்கும். ரெசொனேட்டர் காதைக் குடையும் சில சுருதிகளை மட்டும் பிடித்து அடக்கும். இரண்டையும் வெட்டினால் சின்ன நாலு சிலிண்டர் வண்டியில் நீங்கள் நினைக்கும் கனமான ஒலி வராது, தகரத்தைத் தரையில் இழுப்பது போலத்தான் இருக்கும். நெடுஞ்சாலையில் ஒரே வேகத்தில் போகும்போது வண்டிக்குள் ஓயாமல் ரீங்கரிக்கும். ஈப்போவுக்குப் போகச் சுமார் 30 கிலோமீட்டர், வர 30. முதல் வாரம் ரசிப்பீர்கள். இரண்டாவது மாதம் பழைய மஃப்ளரைத் தேடிப் போவீர்கள், அது பழைய இரும்புக்குப் போயிருக்கும்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். 1987 சாலைப் போக்குவரத்துச் சட்டப்படி இப்படி எக்ஸோஸ்டை மாற்றுவதற்கு 2,000 வெள்ளி வரை அபராதமோ 6 மாதம் வரை சிறையோ கிடைக்கலாம். காப்புறுதி நிறுவனத்துக்குச் சொல்லாமல் வண்டியை மாற்றினால் இழப்பீடு கேட்கும்போதும் சிக்கல் வரலாம்.

நான் தோட்டத்தில் வரிசையாக ஒட்டிக் கட்டிய லயத்து வீட்டில் வளர்ந்தவன். ஒரு வீட்டில் குழந்தை இருமினால் அடுத்த வீட்டில் விழித்துக்கொள்வார்கள். விடிவதற்கு முன்பே தோட்டத்தில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு எழுந்து போகிறவர்கள் இன்னமும் நம் ஊரில் இருக்கிறார்கள். இரவு பத்து மணிக்கு நீங்கள் வீடு திரும்பும் சத்தத்தில் அவர்கள் தூக்கம் போகும். இதையும் கணக்கில் சேருங்கள்.

அந்த 250 வெள்ளியை வேறு விதமாகச் செலவு செய்யலாம். வண்டியைத் தூக்கி நிறுத்திக் குழாயின் இணைப்புகளையும், அதைத் தொங்கவிட்டிருக்கும் ரப்பர்களையும் பார்க்கச் சொல்லுங்கள். பழைய வண்டியில் பின் மஃப்ளர் உள்ளிருந்தே துருப்பிடித்திருக்க வாய்ப்பு அதிகம், குறைந்த தூரம் ஓடும் வண்டியில் தண்ணீர் ஆவியாகாமல் உள்ளேயே தேங்கிவிடும். அப்படி இருந்தால் அதை மட்டும் அதே அளவில் மாற்றுங்கள். என்ன உலோகம், எத்தனை மாத வாரன்டி என்பதை ரசீதில் எழுதி வாங்குங்கள். கழற்றிய பாகத்தையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், அது உங்கள் பொருள்.

கேள்வி: என் மகன் 304 ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் என்று சொல்லி விற்ற மஃப்ளரை வாங்கினான். எட்டே மாதத்தில் துருப்பிடித்து ஓட்டை விழுந்துவிட்டது. கடைக்காரர் கையை விரிக்கிறார். என்ன செய்வது?

பதில்: அம்மா, முதலில் ஐஸ்பெட்டிக் கதவில் ஒட்டியிருக்கும் காந்தம் ஒன்றை எடுத்து மஃப்ளரில் வைத்துப் பாருங்கள். 304 ரகத்தில் காந்தம் ஒட்டாது, ஒட்டினாலும் லேசாகத்தான் ஒட்டும். 'டக்' என்று இறுக்கமாகப் பிடித்தால் அது 304 இல்லை என்றுதான் பெரும்பாலும் அர்த்தம். அதைப் படம் எடுத்து, துருவையும் ஓட்டையையும் தனியாகப் படம் எடுத்து, ரசீதோடு வையுங்கள். கடைக்காரருக்கு எழுத்தில் ஒருமுறை கேட்டுப் பாருங்கள், வாட்ஸ்அப் செய்தியும் போதும். அவர் மசியவில்லை என்றால் மலேசியப் பயனீட்டாளர் கோரிக்கைத் தீர்ப்பாயத்தில் மனு போடலாம். மனுக் கட்டணம் 5 வெள்ளி. 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கையை அங்கே விசாரிப்பார்கள். வழக்கறிஞர் வைக்கத் தேவையில்லை, மகன் தானே பேசலாம். சம்பவம் நடந்து மூன்று வருடத்துக்குள் போட்டுவிட வேண்டும். துருப்பிடித்த மஃப்ளரை மட்டும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், அதுதான் உங்கள் சாட்சி.