வியட்நாமின் நூடுல்ஸ் சூப்பான ஃபோ விற்கும் கடையில், கூடவே பச்சை இலைகள் வைத்துத் தரும் தட்டை என்ன செய்வது?

ஹோ சி மின் நகரக் கடைகளில் இந்தத் தட்டு வழக்கம். ஆனால் முதலில் எதையும் சேர்க்காமல் ஒரு கரண்டி சூப்பைக் குடித்துப் பாருங்கள். மாட்டெலும்பைப் பல மணி நேரம் கொதிக்கவிட்டு, சுட்ட இஞ்சி, வெங்காயம், அன்னாசிப்பூ, பட்டை எல்லாம் போட்டு எடுத்த சாறு அது. கடையின் தரம் அதில்தான் தெரியும். அப்புறம் இலைகளைக் கிள்ளிப் போட்டு, முளைப்பயறு சேர்த்து, எலுமிச்சை பிழியுங்கள். ஹாய்சின் என்ற இனிப்பான கெட்டி சோயா சாஸைக் கிண்ணத்துக்குள் ஊற்றாதீர்கள், சூப்பின் மணமே போய்விடும். சின்னத் தட்டில் விட்டு இறைச்சியைத் தொட்டுச் சாப்பிடலாம். மேலே பச்சையாகக் கிடக்கும் மெல்லிய மாட்டிறைச்சியை உடனே சூப்பில் அமுக்கிவிடுங்கள், அந்தச் சூட்டிலேயே வெந்துவிடும். ஹனோயில் பெரும்பாலும் இந்தத் தட்டு வராது, பூண்டு ஊறிய வினிகர்தான் மேசையில் இருக்கும். மாட்டிறைச்சி வேண்டாமென்றால் ‘ஃபோ கா’ கேளுங்கள், கோழி போட்டுத் தருவார்கள்.