29 நாள் கணக்க நீயே எண்ணிப் பாரு கண்ணு

வாசகர் கேள்வி:

டாக்டரம்மா, 2021ல எனக்கு ஏழாம் மாசம் நடக்கறப்ப ஏப்ரல் 11ந்தேதி வளைகாப்பு வச்சாங்க. மே 10ந்தேதி காய்ச்சல் வந்துச்சு, டெஸ்ட் எடுத்தா கொரோனா பாசிட்டிவ். ஆறே நாள்ல மூச்சு வாங்கி ஆக்சிஜன் சாச்சுரேஷன் 89க்கு எறங்கி, 33 வாரத்துலயே சிசேரியன் பண்ணிட்டாங்க. பாப்பா 1.7 கிலோ. 12 நாள் கண்ணுல காட்டல, பாலும் குடுக்க விடல. இப்ப அவளுக்கு நாலரை வயசு தாண்டிருச்சு, பேச்சு லேட்டாத்தான் வந்துச்சு, அவ பேசறது வெளியாளுங்களுக்கு இன்னும் பாதி புரியாது. வளைகாப்பு வேணும்னு ஆசப்பட்ட, ஊசியும் போடல, அதான் இப்படின்னு மாமியார் சொல்லிட்டே இருக்காங்க. இப்ப மறுபடியும் நாலு மாசம். போன வாரம் பக்கத்து வீட்டு அக்காவுக்கு கொரோனா, அன்னைலருந்து எனக்கு தூக்கமே இல்ல. என் புள்ளைய நானே கெடுத்துட்டேனா? இந்தப் புள்ளைக்கும் ஏதாச்சும் ஆகுமா?
பெயர் வேண்டாம், ஈரோடு மாவட்டம்

பதில்:

கண்ணு, உன் லெட்டர்ல நீயே தேதியெல்லாம் தெளிவா எழுதிருக்க, ஆனா அதை ஒரு தடவை கூட்டிப் பாக்கலன்னு நினைக்கறேன். வளைகாப்பு ஏப்ரல் 11, காய்ச்சல் மே 10. நடுவுல 29 நாள். கொரோனா வைரஸ் உள்ள போனா பெரும்பாலும் அஞ்சாறு நாள்ல காய்ச்சல் வந்துரும், ரொம்பத் தள்ளிப்போனா 14 நாள். அப்ப வளைகாப்புல உனக்கு ஒட்டிருந்தா ஏப்ரல் முடியறதுக்குள்ள தெரிஞ்சிருக்கும். அது வளையல் போட வந்தவங்ககிட்டருந்து வரல. ஸ்கேன் சென்டர் வரிசைல வந்துச்சோ, வேலைக்குப் போய்ட்டு வந்த வீட்டுக்காரர் மூலமா வந்துச்சோ, மளிகை வாங்கப் போன எடத்துல வந்துச்சோ, அந்த மே மாசத்துல தமிழ்நாட்டுல யாருக்கு எங்கருந்து வந்துச்சுன்னு யாராலயும் சொல்ல முடியாது.

ஊசிக் கதையும் அப்படித்தான். சாதாரண ஜனங்கள்ல 45 வயசுக்குக் கீழ இருக்கறவங்களுக்கு கொரோனா ஊசின்னு ஆரம்பிச்சதே 2021 மே 1ல. அதுலயும் கர்ப்பிணிகள் கிடையாது. பால் குடுக்கற அம்மாக்களுக்கு மே 19, கர்ப்பிணிகளுக்கு போடலாம்னு மத்திய அரசு சொன்னது ஜூலை 2. உன் பாப்பா பொறந்தது மே மாசம். நீ வரிசைல போய் நின்னிருந்தாலும் வயித்தப் பாத்துட்டு திருப்பித்தான் அனுப்பியிருப்பாங்க. இல்லாத ஊசிய போடலன்னு நாலரை வருஷமா திட்டு வாங்கிட்டிருக்க கண்ணு, எனக்கு வயிறு எரியுது.

அந்த ரெண்டாவது அலை கர்ப்பிணிகள என்ன பாடு படுத்துச்சுன்னு உன் மாமியாருக்கு தெரியணும். மும்பை நாயர் ஆஸ்பத்திரில முதல் அலைல கொரோனாவோட வந்த கர்ப்பிணிகள்ல, பிரசவம் ஆனவங்களையும் சேத்து, இறந்தவங்க 0.7 சதவீதம். ரெண்டாவது அலைல அது 5.7 சதவீதம். ஒரே ஆஸ்பத்திரி, ஒரு வருஷம்தான் இடைவெளி. ரெண்டாவது அலைல பரவுன டெல்டாங்கறது அப்படிப்பட்ட வைரஸ். ஏழெட்டு மாசத்துல கர்ப்பப்பை மேல ஏறி, நெஞ்சுக்கும் வயித்துக்கும் நடுவுல இருக்கற உதரவிதானத்த தள்ளிரும், நுரையீரல் முழுசா விரிய எடமிருக்காது, அதே நேரம் ரெண்டு உயிருக்கு ஆக்சிஜன் வேணும், ரத்தமும் சாதாரணமா இருக்கறத விட சீக்கிரம் உறையற நிலைமைல இருக்கும். அதனாலதான் அதே காய்ச்சல் வீட்டுக்காரருக்கு நாலு நாள்ல சரியாகும், அவருக்குப் பக்கத்துலயே படுத்திருந்த கர்ப்பிணிக்கு ஐ.சி.யு வரைக்கும் போகும். கர்ப்பிணிக்கு சாச்சுரேஷன் 95க்கு கொறையக்கூடாது, உனக்கு 89. சிசேரியன் பண்ணது உன்னையும் காப்பாத்தி பாப்பாவையும் காப்பாத்தத்தான், அந்த டாக்டர் எடுத்தது சரியான முடிவுன்னு நான் அடிச்சு சொல்வேன்.

நெறைய பேர் வைரஸ் தொப்புள்கொடி வழியா நேரா புள்ளைக்குப் போயிரும்னு நினைக்கறாங்க. அது ரொம்ப அபூர்வம். பாசிட்டிவ் ஆன அம்மாக்களுக்குப் பொறந்த கொழந்தைங்கள்ல பாசிட்டிவ் ஆனது உலக அளவுல தொகுத்துப் பாத்தப்பவே 100க்கு 2 பேருக்கும் கீழதான். புள்ளைக்கு வந்த கஷ்டமெல்லாம் பெரும்பாலும் அம்மா வழியா வந்ததுதான், அம்மாவுக்கு மூச்சுத் திணறல், அம்மாவுக்கு பிபி ஏறறது, நஞ்சுக்கொடி பாதிக்கறது, அதனால குறைமாசத்துல எடுக்க வேண்டி வர்றது. கொரோனா வந்ததால கொழந்தைக்கு பிறவி ஊனம் வரும்னு சொல்றதுக்கெல்லாம் ஆதாரம் இல்ல.

அந்த 12 நாள பத்தி ஒண்ணு சொல்லணும். நானும் 2020ல ஒரு கொரோனா பிரசவ வார்டுல டியூட்டி பாத்தவதான். பிபிஇ கிட்டுக்குள்ள யாரு யாருன்னு தெரியாது, முதுகுல மார்க்கர்ல பேர் எழுதிக்குவோம். எங்க வார்டுலயும் பொறந்த ஒடனே கொழந்தைய பிரிச்சு வேற மாடிக்கு கொண்டுபோயிருவாங்க. மூணாம் நாள் ஒரு பொண்ணு, பால் கட்டி நெஞ்சு கல்லு மாதிரி ஆகி, நைட்டி முழுக்க நனைஞ்சு, வாஷ்பேசின்ல பிழிஞ்சு விட்டுட்டு நின்னா. பக்கத்துல நர்சம்மா போன்ல வீடியோ கால் போட்டு காட்டுறாங்க, அந்தப் பொண்ணு கொழந்தைய பாக்காம கீழ ஓடற பாலையே பாத்துட்டிருந்தா. அம்மா மாஸ்க் போட்டு கைய நல்லா கழுவிட்டு பால் குடுக்கலாம், சேத்தே வச்சுக்கலாம்னு உலக சுகாதார நிறுவனம் அப்பவே சொல்லிருச்சு, ஆனா பயத்துல நெறைய எடத்துல பிரிச்சோம். நானும் எதுத்துக் கேக்கல, அது இன்னைக்கும் என் மனசுல இருக்கு. உன் பாப்பா குறைமாசம், எப்படியும் கொஞ்ச நாள் என்.ஐ.சி.யுல, அதாவது பச்சக் கொழந்தைங்களுக்கான ஐ.சி.யுல இருந்திருப்பா, ஆனா பாலை பீச்சி குடுத்திருக்கலாம், உன்னையும் காட்டியிருக்கலாம். அதுல தப்பு எங்க மேல, டாக்டருங்க மேல. உன் மேல இல்ல.

இப்ப பாப்பா பேச்சுக்கு வரேன், இங்க ஒளிக்காம சொல்றேன். 2025 கடைசில அமெரிக்காவுல பாஸ்டன் பக்கத்து ஆராய்ச்சி ஒண்ணு வந்துச்சு, 18,124 பிரசவத்த எடுத்துப் பாத்ததுல, வயித்துல இருக்கறப்ப அம்மாவுக்கு கொரோனா வந்த கொழந்தைங்கள்ல 16.3 சதவீதம் பேருக்கு மூணு வயசுக்குள்ள பேச்சு, நடை மாதிரி ஏதோ ஒரு வளர்ச்சிப் பிரச்சனை பதிவாகிருக்கு, வராத அம்மாக்களோட கொழந்தைங்கள்ல 9.7 சதவீதம். வித்தியாசமே இல்லன்னு சொல்ற ஆராய்ச்சிகளும் இருக்கு. அந்தப் பாஸ்டன் கணக்குலயே 100க்கு 83 கொழந்தைங்களுக்கு மேல ஒண்ணும் ஆகல. உன் பொண்ணுக்கு குறைமாசமே ஒரு காரணமா இருக்கலாம், பொறந்த புதுசுல வெளிய போகாம, பார்க் போகாம, எல்லார் வாயிலயும் மாஸ்க்க பாத்து வளந்ததும் இருக்கலாம். எதால வந்துச்சுன்னு தேடறத விட்டுட்டு மொதல்ல காது டெஸ்ட் எடு, என்.ஐ.சி.யுல இருந்த கொழந்தைக்கு அது கண்டிப்பா வேணும். அப்புறம் மாவட்ட அரசு ஆஸ்பத்திரில டி.இ.ஐ.சின்னு, கொழந்தைங்க வளர்ச்சிக் குறைபாட்ட ஆரம்பத்துலயே கவனிக்கற ஒரு சென்டர் இருக்கும், ஸ்பீச் தெரபி அங்க இலவசமாவே குடுப்பாங்க. ஸ்கூல் போனா தானா சரியாயிரும்னு யாராச்சும் சொன்னா கேக்காத, நாலரை வயசுல வெளியாளுக்கு பாதிதான் புரியுதுன்னா இந்த மாசமே கூட்டிட்டுப் போ.

இந்தப் புள்ளைய பத்தி. இப்ப சுத்தற கொரோனா ஓமிக்ரான் வகையறா, டெல்டா மாதிரி நுரையீரல அந்த அளவுக்கு அடிக்கறதில்ல, உன் ஒடம்பும் கொரோனாவ ஏற்கனவே பாத்துருச்சு. அதுக்காக அலட்சியமா இருக்கச் சொல்லல. அந்த அக்காவுக்கு சரியாகற வரைக்கும் அவங்க வீட்டுப் பக்கம் போகாத, பாப்பாவையும் அனுப்பாத, ஆஸ்பத்திரிக்குப் போறப்ப மாஸ்க் போட்டுக்கோ. காய்ச்சல் வந்தா பாரசிட்டமால் போட்டுக்கலாம், புரூஃபன் மாதிரி வலி மாத்திரைய மெடிக்கல்ல கேட்டு நீயா வாங்கிப் போடாத, தண்ணி நெறைய குடி, படுத்தே கிடக்காம வீட்டுக்குள்ள நட. பல்ஸ் ஆக்ஸிமீட்டர் ஒண்ணு வாங்கி வச்சுக்கோ, 95க்கு கீழ காட்டுனாலோ, மூச்சு வாங்குனாலோ, நெஞ்சு வலிச்சாலோ, தலவலியோட கண்ணு மங்குனாலோ, போகப்போக புள்ள அசைவு கொறஞ்ச மாதிரி தெரிஞ்சாலோ காலைல பாத்துக்கலாம்னு இருக்காத, 108க்கு அடி. ஊசி இன்னொண்ணு போடலாமான்னு உன் டாக்டர்கிட்டயே கேளு.

போன தடவை 33 வாரத்துல வந்துச்சே, இந்தத் தடவையும் அப்படித்தானோன்னு பயப்படுவ. போன தடவை வலி தானா வரல, உனக்கு மூச்சு முட்டுனதால டாக்டர் எடுத்தாங்க. தானா வலி வந்து குறைமாசத்துல பொறக்கறதும் இதுவும் வேற வேற. அடுத்த செக்கப்புக்கு அந்த 2021 டிஸ்சார்ஜ் சம்மரிய தேடி எடுத்துட்டுப் போ, எதுக்காக சிசேரியன் பண்ணாங்க, தையல் எப்படிப் போட்டாங்க, ரத்தம் உறையாம இருக்க ஊசி போட்டாங்களாங்கறதெல்லாம் அதுல இருக்கும். மாமியாரையும் கூட்டிட்டுப் போய் டாக்டர் முன்னாடி உக்கார வச்சு, ஜூலை 2ங்கற தேதிய டாக்டர் வாயாலயே சொல்லச் சொல்லு.