நடு ஆஸ்திரேலியாவில் 5 நாள்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: ஜூலை பள்ளி விடுமுறையில் எங்களுக்கு 5 நாள் கிடைக்கிறது. இரண்டு பிள்ளைகளோடும் 66 வயதான என் மாமியாரோடும் அவுட்பேக் எனப்படும் உள்நாட்டு வறள்நிலப் பகுதியைக் காரில் சுற்றிப் பார்க்க ஆசைப்படுகிறோம். வீட்டிலிருந்தே ஓட்டிச் செல்லலாமா? ஃபோர் வீல் டிரைவ் வண்டி கட்டாயமா?
– வாசகி, சிட்னி

பதில்: அவுட்பேக்கின் நடுவே நிற்கும் பெரும் செம்பாறையான உலுருவுக்குச் சிட்னியிலிருந்து சாலைவழித் தொலைவு ஏறத்தாழ 2,800 கிலோமீட்டர் என்பதால், போய்வருவதிலேயே உங்கள் 5 நாளும் கரைந்துவிடும். உலுருவை ஒட்டிய யுலாரா விமான நிலையத்துக்குச் சிட்னியிலிருந்து நேரடி விமானம் உண்டு. அங்கே இறங்கி வாடகைக் கார் எடுத்து, ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் நகரில் அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு விமானம் ஏறுவதே என் யோசனை. ஓரிடத்தில் எடுத்து வேறிடத்தில் விடுவதற்குத் தனிக்கட்டணம் கேட்பார்கள்; ஆனாலும் வந்த வழியே 450 கிலோமீட்டர் திரும்பி ஓட்டும் வேலை மிச்சமாகிறது.

யுலாராவில் 2 இரவு தங்குங்கள். உலுரு அமைந்துள்ள தேசியப் பூங்காவுக்குள் தங்க அனுமதியில்லை, அருகில் வேறு ஊரும் இல்லை. எனவே ஜூலை மாதத்துக்கான அறையை மாதக்கணக்கில் முன்னதாகவே பதிவு செய்துவிட வேண்டும். உலுருவைச் சுற்றி வரும் 10.6 கிலோமீட்டர் நடைபாதை சமதளம்தான் என்றாலும், உங்கள் மாமியாருக்கு முட்டிஜுலு நீர்ச்சுனை வரையிலான சிறு நடையே போதும். மறுநாள் காலையைக் கட்டா ஜூட்டா பாறைக் குன்றுகளுக்கு ஒதுக்குங்கள். என்னைக் கேட்டால், உலுருவைவிட அதுவே அழகு. பகலில் இதமாக இருக்கும் ஜூலையில், இரவின் குளிர் சில நாள்களில் பூஜ்ஜியத்துக்கும் கீழே இறங்கும். விடியலைப் பார்க்கப் போகிறவர்களுக்குக் கம்பளி உடை அவசியம்.

மூன்றாம் நாள் 300 கிலோமீட்டர் ஓட்டினால் கிங்ஸ் கேன்யன் என்னும் செங்குத்துப் பள்ளத்தாக்கு. அதன் விளிம்பைச் சுற்றும் 6 கிலோமீட்டர் நடை, தொடக்கத்திலேயே செங்குத்தான படிகளில் மூச்சு வாங்க வைக்கும். முழங்கால் வலி உள்ளவர்கள் கீழே ஓடைக்கரைப் பாதையில் நடக்கலாம். நான்காம் நாள் விடிந்ததும் இந்த நடையை முடித்துவிட்டு, பகல் 12 மணிக்குள் ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் நோக்கிப் புறப்பட்டுவிட வேண்டும். தார்ச்சாலை வழியே அது சுமார் 475 கிலோமீட்டர். சூரியனோ மாலை 6 மணியளவில் மறைந்துவிடும்.

இந்த வழி முழுவதும் தார்ச்சாலை என்பதால் சாதாரணக் காரே போதும். கிங்ஸ் கேன்யனிலிருந்து ஹெர்மன்ஸ்பர்க் பக்கமாகப் போகும் மெரீனி சாலையை வரைபடத்தில் பார்த்தால் குறுக்குவழி போலத் தோன்றும். அதில் நெடுந்தொலைவு வரிவரியாக அரித்துப்போன மண்சாலை. தொல்குடியினர் நிலத்தின் வழியே செல்வதால் அனுமதிச்சீட்டும் வாங்க வேண்டும். வாடகை ஒப்பந்தங்கள் பெரும்பாலும் சாதாரணக் கார்களை அங்கே கொண்டுபோகத் தடை விதிக்கின்றன. வயதானவரோடு செல்லும் நீங்கள் அதை விட்டுவிடுங்கள்.

கேள்வி: உலுருவின் மேல் இப்போதும் ஏறலாமா?
– வாசகர், பிரிஸ்பேன்

பதில்: முடியாது. 1985 அக்டோபர் 26 அன்று அந்நிலம் அதன் மரபுவழி உரிமையாளர்களான அனங்கு மக்களிடம் திரும்ப ஒப்படைக்கப்பட்டது. 2019-இல் அதே தேதியிலிருந்து ஏற்றம் நிரந்தரமாகத் தடை செய்யப்பட்டுள்ளது. சில இடங்களைப் படமெடுக்கவும் கூடாது. அங்குள்ள பலகைகளைப் படித்துவிட்டுக் கேமராவை எடுங்கள்.

கேள்வி: வெயிலைத் தவிர்க்க இரவில் ஓட்டுவது நல்லதல்லவா?
– வாசகர், மெல்பர்ன்

பதில்: நம் ஊர் நெடும்பயணங்களில் பழகிய இந்த வழக்கம் அங்கே உயிருக்கே ஆபத்து. பல இடங்களில் சாலையோரம் வேலி இல்லாததால், பண்ணை மாடுகள் தார்ச்சாலையிலேயே நிற்கும். கங்காருக்கள் அந்தியிலும் விடியலிலும்தான் மேய வரும். போதாக்குறைக்கு ஒட்டகங்கள் வேறு. 19-ஆம் நூற்றாண்டில் சுமை தூக்கக் கொண்டுவரப்பட்டு, லாரிகள் வந்தபின் கைவிடப்பட்ட ஒட்டகங்களின் வழிவந்தவை இவை. அவற்றை ஓட்டிவந்த, ஆப்கானியர் என்று பொதுவாக அழைக்கப்பட்டவர்களில் அன்றைய பிரிட்டிஷ் இந்தியாவின் வடமேற்கைச் சேர்ந்தவர்களும் பலர் இருந்தனர். ஊர் எல்லைக்கு வெளியே இருட்டில் நேரும் விபத்துக்குப் பல வாடகை நிறுவனங்கள் காப்பீடு தருவதில்லை என்பதையும் ஒப்பந்தத்தில் படித்துக்கொள்ளுங்கள். விலங்கு குறுக்கே வந்தால் ஸ்டியரிங்கை ஒடிக்காமல் நேராகவே பிரேக் பிடிக்க வேண்டும். வண்டி உருள்வதற்குத் திடீர்த் திருப்பமே முக்கியக் காரணம். பல பெட்டிகளை இழுத்துக்கொண்டு 53.5 மீட்டர் நீளம் வரை இருக்கும் ரோடு டிரெயின் லாரிகளை, எதிரே வெகுதூரம் சாலை காலியாகத் தெரிந்தாலன்றி முந்தாதீர்கள். ஸ்டூவர்ட் நெடுஞ்சாலையின் சில பகுதிகளில் 130 கிலோமீட்டர் வேகம் அனுமதிக்கப்பட்டிருந்தாலும், அங்கே புதிதாக ஓட்டுபவர்கள் 100-ஐத் தாண்டத் தேவையில்லை.

கேள்வி: நடுவழியில் வண்டி நின்றுவிட்டால் என்ன செய்வது?
– வாசகி, அடிலெய்டு

பதில்: வண்டியை விட்டு அகலாதீர்கள், நடந்து போகும் மனிதரைவிட நிற்கும் வண்டியைக் கண்டுபிடிப்பது எளிது. ஆளுக்கு நாளொன்றுக்கு 5 லிட்டருக்குக் குறையாத குடிநீர் எப்போதும் வண்டியில் இருக்கட்டும். எர்ல்டண்டா, கர்ட்டின் ஸ்பிரிங்ஸ் போன்ற நிறுத்தங்களில் டாங்க் பாதி காலியாக இருந்தாலும் பெட்ரோலை நிரப்பிவிடுங்கள். ஊர்களுக்கு இடையே நெடுந்தூரம் செல்பேசிச் சிக்னல் கிடைக்காது. ஆகவே, செயற்கைக்கோள் வழியே கான்பராவிலுள்ள மீட்பு மையத்துக்கு உங்கள் இருப்பிடத்தைத் தெரிவிக்கும் அவசர பீக்கன் ஒன்றை வாடகைக்கு எடுப்பது நல்லது. அதை வாங்கும்போதே இயக்கும் முறையைக் காட்டச் சொல்லுங்கள்; உயிராபத்தின்போது மட்டுமே அதை இயக்க வேண்டும்.