ஒரே மதிலுக்குள் ஏழு கிணறு: ஃபேப்ரிக் பற்றிய கேள்விகளும் என் பதில்களும்

தரவைச் சேர்த்து அலசி அறிக்கையாக்கும் மைக்ரோசொஃப்ட் ஃபேப்ரிக் பற்றிக் கேளுங்கள் என்று போன கிழமை சொல்லியிருந்தேன். நிறையப் பேர் கேட்டுவிட்டீர்கள். ஒரே மாதிரியானவற்றை ஒன்றாக்கிப் பதில் எழுதுகிறேன். நான் திருகோணமலையில் இருந்துகொண்டு வெளிநாட்டுக்காரர்களுக்கு பவர் பிஐ அறிக்கைகள் செய்து கொடுப்பவன். இடையிடையே ஊர்க் கடைகளுக்கும் விடுதிகளுக்கும் செய்வதுண்டு.

கேள்வி: அண்ணா, எல்லாவற்றையும் ஒன்றாக்கிவிட்டோம் என்கிறார்களே, எதை எதோடு ஒன்றாக்கினார்கள்? (வளாக மாணவி)

தங்கச்சி, முன்பு தரவை இடத்துக்கு இடம் எடுத்துவர டேட்டா ஃபாக்டரி, பெரிய அளவில் சேமித்து அலச சினாப்ஸ், படமாகக் காட்ட பவர் பிஐ என்று தனித்தனியாக இருந்தன. மூன்றும் மைக்ரோசொஃப்ட்டுடையவைதான். ஆனால் கட்டணம் வேறு, அனுமதி வேறு. ஒரே விற்பனைக் கணக்கு மூன்று இடத்தில் நகலாகக் கிடக்கும், எது புதியது என்று யாருக்கும் தெரியாது. 2023 மே மாதம் அறிவித்து நவம்பரில் எல்லோருக்கும் திறந்துவிட்ட ஃபேப்ரிக், இவற்றை ஒரே சேவைக்குள் கொண்டுவந்தது.

அடியில் இருப்பது ஒன்லேக் என்ற ஒரே சேமிப்பு. அட்டவணைகள் டெல்டா என்ற திறந்த வடிவத்தில் இருப்பதால், அதே நகலை, தரவைக் கேட்டெடுக்கும் மொழியான எஸ்கியூஎல் தெரிந்தவரும், பைத்தன் நிரல்மொழி தெரிந்தவரும் எடுத்து வேலை செய்யலாம், பவர் பிஐயும் நேரடியாக வாசிக்கும். அமேசனின் எஸ்3 என்ற சேமிப்பில் கிடக்கும் தரவைக்கூட நகலெடுக்காமல் ஒரு குறுக்குவழி வைத்து வாசிக்கலாம். எனக்கு இதுதான் உண்மையான முன்னேற்றமாகப் படுகிறது. மேலே ஒட்டிய கோபைலட் என்ற ஏஐ உதவியாளர் அதற்குப் பிறகுதான்.

எங்கள் ஊருக்குப் பக்கத்துக் கன்னியா வெந்நீர்க் கிணறுகளுக்குப் போயிருப்பீர்கள். ஒரே மதிலுக்குள் ஏழு கிணறு. அள்ளி ஊற்றிப் பார்த்தால் ஒவ்வொன்றும் ஒவ்வொரு சூடு. ஃபேப்ரிக் கட்டியது மதிலைத்தான். உள்ளே இருக்கும் கணக்குகள் தம்பாட்டில் ஒத்துப்போகா. அடுத்த கேள்வி அதைப் பற்றியதுதான்.

கேள்வி: ஓகஸ்டில் எத்தனை விருந்தினர் என்று கோபைலட்டிடம் கேட்டால், நாங்கள் எண்ணியதோடு ஒத்துவராத தொகை வருகிறது. ஏஐ பிழை விடுகிறதா? (நிலாவெளி, விடுதி நடத்துபவர்)

ஐயா, இதே பிரச்சினையை இன்னொரு விடுதியில் நேரில் பார்த்தேன். ஒரு சனிக்கிழமை இரவை மட்டும் எடுத்துக்கொண்டோம். இணைய முன்பதிவுப் பட்டியலில் 9. வரவேற்பு மேசைக் கொப்பியில் 11. சமையலறையில் அடுத்த நாள் காலைச் சாப்பாட்டுக் கணக்கு 27. மூன்றிலும் தலைப்பு ஒன்றேதான்: விருந்தினர். முதலாவது முன்பதிவை எண்ணுகிறது, இரண்டாவது அறையை, மூன்றாவது ஆளை. மூன்றையும் ஒன்லேக்குக்குள் கொண்டுவந்ததும் கோபைலட் ஏதோ ஒன்றைப் பிடித்து, துளித் தயக்கமில்லாமல் பதில் சொல்லிவிட்டது. தனித்தனியாகக் கிடந்தபோது இந்த முரண் யார் கண்ணிலும் படவில்லை.

செய்யவேண்டியது இதுதான். அறிக்கைக்கும் தரவுக்கும் நடுவில் செமான்டிக் மொடல் என்று ஒன்று இருக்கிறது. எந்தச் சொல்லுக்கு என்ன கணக்கு என்று எழுதிவைக்கும் இடம் அது. அங்கே விருந்தினர் என்றால் ஆட்கள் என்று முடிவுசெய்து, மற்ற இரண்டுக்கும் முன்பதிவு, அறை என்று பெயர் மாற்றினோம். அப்புறம் பவர் பிஐயில் தரவை ஏஐக்குத் தயார்செய்யும் பகுதிக்குப் போனோம். ஏஐ அட்டவணையின் எந்தப் பத்திகளைப் (column) பார்க்கலாம், என்ன குறிப்பை மனதில் வைத்திருக்கவேண்டும் என்பதை அங்கே கொடுக்கலாம். அடிக்கடி வரும் கேள்விக்கு நாமே சரிபார்த்த பதிலையும் இணைத்துவிடலாம். "சீசன் என்றால் மே முதல் செப்டெம்பர் வரை" என்று ஒரு வரி சேர்த்தோம். அது இல்லாவிட்டால் போன சீசன் எது என்று அதற்கு எப்படித் தெரியும்? வாடைக்காற்றில் நிலாவெளி வெறிச்சோடிக் கிடப்பது அதற்குத் தெரியாதே.

தட்டச்சு வேலை 20 நிமிடம். சின்னப்பிள்ளைகளை எண்ணுவதா இல்லையா என்ற வாக்குவாதம் பின்னேரம் முழுக்க. கட்டணம் வாங்காத பிள்ளையை ஏன் எண்ணவேண்டும் என்றார் மனேஜர். "பிள்ளை சாப்பிடாதோ?" என்று கேட்டார் சமையல் அக்கா. கடைசியில் அக்கா வென்றார். வருமானத்தைத் தலைக்கணக்கில் பிரிக்க மட்டும் பெரியவர்கள் என்று தனி அளவு வைத்தோம்.

கேள்வி: மீன் வாடிக் கணக்கு எக்செலில் இருக்கிறது. சூரை மீன் நாலு தரம் தனித்தனியாக வருகிறது. ஃபேப்ரிக்குக்கு மாறினால் சரியாகுமா?

ஆகாது அண்ணா. சூரை, சூறை, சூரைமீன், அப்புறம் ஆங்கில எழுத்தில் ஒன்று. கொம்பியூட்டருக்கு அது நாலு மீன். மீன் பெயர்களுக்கு ஒரு பட்டியல் போட்டு, அதிலிருந்து மட்டும் தெரிவு செய்யும்படி எக்செலிலேயே பூட்டிவிடுங்கள். பழைய பிழைகளை, பிழையான பெயர், சரியான பெயர் என்று இரண்டு பத்தி உள்ள அட்டவணை ஒன்றால் மாற்றிவிடலாம். எக்செல் ஒரு தாளில் 10,48,576 வரி தாங்கும். நாளுக்கு 50 வரி எழுதினாலும் உங்களுக்கு 57 வருடம் ஓடும். காசைச் செலவழிக்காதீர்கள்.

கேள்வி: சரி, எவ்வளவு முடியும்?

பவர் பிஐ டெஸ்க்டொப் இலவசம். பகிர்வதற்கான புரோ உரிமம் 2025 ஏப்ரலிலிருந்து ஆளுக்கு மாதம் 14 டொலர். ஃபேப்ரிக்கை அளவு பார்த்து வாடகைக்கு எடுக்கவேண்டும், எஃப் இலக்கம் கூடக் கூடக் கணினித் திறனும் கூடும். ஆகச் சின்னது எஃப்2. அமெரிக்கப் பிராந்திய விலையில் மணிக்கு 0.36 டொலர், மாதம் முழுக்க ஓடவிட்டால் 263 டொலர் அளவில் வரும். எஃப்64க்குக் கீழே அறிக்கை பார்ப்பவருக்கும் புரோ உரிமம் வேண்டும். பலர் இதைக் கவனிப்பதில்லை. கோபைலட் தொடக்கத்தில் எஃப்64இல்தான் கிடைத்தது. 2025 ஏப்ரலில் எஃப்2 வரை இறக்கிவிட்டார்கள். இலவசப் பரீட்சார்த்தக் கணக்கில் அது வேலை செய்யாது, வீணாகத் தேடாதீர்கள்.

வாடகைக்கு எடுத்த ஃபேப்ரிக்கைத் தேவையில்லாத நேரம் நிறுத்திவைக்கலாம். நிறுத்தினால் சேமிப்புக் கட்டணம் மட்டும் ஓடும். நான் ஒரு தைப்பொங்கலுக்கு நிறுத்த மறந்து நாலு நாள் ஊர் சுற்றிவிட்டு வந்தேன். 35 டொலருக்குக் கிட்ட. யாரும் ஒரு கேள்விகூடக் கேட்காத நாலு நாள்!

கேள்வி: மற்ற நிறுவனங்களும் இப்படித்தானா?

கிட்டத்தட்ட. டேட்டாபிரிக்ஸ் என்ற தரவு நிறுவனத்தின் யூனிட்டி கட்டலொக், தரவு, மொடல், அனுமதி எல்லாவற்றையும் ஒரே பதிவேட்டில் வைக்கிறது. 2024இல் அதன் மூலநிரலையும் திறந்துவிட்டார்கள். கூகுள் 2022 ஒக்டோபரில் தன் அறிக்கைக் கருவியான டேட்டா ஸ்டூடியோவுக்கு லுக்கர் ஸ்டூடியோ என்று பெயர் மாற்றியது. லுக்கர் என்ற தனிக் கருவி தன்பாட்டுக்கு இருந்தது. பெயரை முதலில் ஒன்றாக்குவதும் ஒரு வழிதான் போலும்.

கேள்வி: எங்களிடம் பயனாளிகளின் விபரங்கள் இருக்கின்றன. எல்லாம் ஓரிடத்தில் இருந்தால் எல்லோரும் பார்த்துவிடுவார்களே? (மூதூர், தொண்டு நிறுவன ஊழியர்)

நியாயமான பயம் அக்கா. அட்டவணையின் எந்த வரியை (row) யார் பார்க்கலாம் என்று பாதுகாப்பு வைத்தால் மூதூர் ஊழியருக்கு மூதூர் வரிகள் மட்டும் தெரியும். கோபைலட்டும் கேட்பவருக்கு உள்ள அனுமதிக்குள்தான் பதில் சொல்லும். ஆனால் ஒரு குழி இருக்கிறது: பவர் பிஐயில் இந்த வரிப் பாதுகாப்பு பார்வையாளர் பாத்திரத்துக்குத்தான் செல்லும். வசதிக்காக எல்லோரையும் திருத்தும் உரிமையுள்ள உறுப்பினராகச் சேர்த்துவிட்டால், பூட்டுப் போட்ட கதவுக்குப் பக்கத்தில் வேலியைப் பிரித்துவிட்ட மாதிரி. அடையாள அட்டை இலக்கம், தொலைபேசி இலக்கம் அறிக்கைக்குத் தேவையில்லை என்றால் ஏற்றும்போதே எடுத்துவிடுங்கள். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தையும் உங்கள் மேலிடத்தை ஒருமுறை வாசிக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: அண்ணா, இதைப் படித்தால் வேலை கிடைக்குமா? எங்கே தொடங்குவது?

தம்பி, முதலில் எஸ்கியூஎல். அப்புறம் பவர் பிஐயும் அதற்கான பிஎல்-300 பரீட்சையும். ஃபேப்ரிக்குக்கான டிபி-600 அதற்கும் பிறகு. பழக வேறு தரவு தேடவேண்டாம், பக்கத்துக் கடையின் கடன் கொப்பி ஒன்றைக் கேட்டு வாங்கிப் பெயர்களை மறைத்து ஏற்றிப் பாருங்கள். ஒரே ஆளை எத்தனை விதமாக எழுதியிருக்கிறார்கள் என்று பார்த்தாலே பாதிப் பாடம் முடிந்துவிடும்.

கேள்வி: என்னிடம் இருப்பது அப்பிள் மக் கணினி. பவர் பிஐ டெஸ்க்டொப் ஓடுமா?

ஓடாது, விண்டோஸ் மட்டும். உலாவியில் ஓரளவு சமாளிக்கலாம்.