வீட்டில் 100 எம்பிபிஎஸ் இணைப்பு இருந்தும், நாலு பேர் வைஃபையில் இருந்தால் நெட் ஏன் திணறுகிறது? என்ன செய்யலாம்?

ரவுட்டரிலிருந்து ரொம்பத் தள்ளி யாராவது பழைய போனில் வீடியோ பார்க்கிறார்களா என்று முதலில் பாருங்கள். எங்கள் வீட்டில் அது ஆச்சி.

கல்லிடைக்குறிச்சியில் எங்களுடையது ஒரு நீளமான பழைய வீடு. ரவுட்டர் முன்கட்டில், ஆச்சியின் போன் அடுப்படியில், நடுவில் மூன்று கனத்த சுவர்கள். சாயங்காலம் ஆச்சி சீரியல் போட்டதும், ரவுட்டருக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கும் எனக்கு மீட்டிங் அப்படியே நின்றுவிடும். பல நாள் நெட் கம்பெனிக்காரரைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன்.

தவறு காற்றில் இருந்தது. ஒரு வைஃபை சேனலில் ஒரு நேரத்தில் ஒரு கருவிதான் பேச முடியும், மற்றவை காத்திருக்கும். பழைய முறைப்படி ஆளுக்கு ஒரு பாக்கெட் (தகவலின் ஒரு சிறு துண்டு) என்று முறை சமமாக வரும். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் பக்கத்து லேப்டாப் 100 எம்பிபிஎஸ் வேகத்தில் பேசுகிறது, தூரத்துப் போன் சிக்னல் இல்லாமல் 6-க்கு இறங்கிவிட்டது என்று வையுங்கள். அதே பாக்கெட்டை முடிக்க அந்தப் போனுக்குக் கிட்டத்தட்ட 17 மடங்கு நேரம் பிடிக்கும். கணக்குப் போட்டால் இருவருக்குமே 5.7 எம்பிபிஎஸ்தான் தேறும்!

வயலுக்குத் தண்ணீர் முறை வைப்பது மாதிரிதான். வயல் நிறையும்வரை என்று முறை வைத்தால், கடைமடை வயல் நிறைவதற்குள் மற்றவர்கள் மண்வெட்டியோடு வரப்பில் உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். ஆளுக்கு ஒரு மணி நேரம் என்றால் வேலை நடக்கும். (கடைமடைக்காரர் ஒத்துக்கொள்ள மாட்டார், அது வேறு கதை.) வைஃபையில் இதற்குப் பெயர் ஏர்டைம் ஃபேர்னஸ். நேரத்தைச் சமமாகப் பிரித்தால் லேப்டாப்புக்கு 50, போனுக்கு 3. சீரியலுக்கு 3 போதும். சில ரவுட்டர்களின் செட்டிங்ஸில் இது இருக்கும், தேடிப் பாருங்கள்.

செல்போன் டவரில் இந்தத் தொல்லை குறைவு. 4ஜியில் ஒவ்வொரு மில்லிசெகண்டுக்கும் யாருக்கு எவ்வளவு என்று டவரே பங்கு போட்டுக் கொடுத்துவிடும். வைஃபையின் பிந்தைய தலைமுறையான வைஃபை 6-லும் அந்த யோசனை வந்துவிட்டது. 20 மெகாஹெர்ட்ஸ் சேனலை ஒரே சமயத்தில் 9 கருவிகள் வரை பகிரலாம். ஆனால் போனும் வைஃபை 6 ஆக இருக்க வேண்டும். ஆச்சியின் போன் எங்கே அதற்கு!

யாராவது கல்யாண வீடியோவை அப்லோட் செய்யும்போது மட்டும் எல்லோருக்கும் இழுக்கிறது என்றால் அது வேறு வியாதி. மோடத்தில் பாக்கெட்டுகள் வரிசையாகத் தேங்கி நிற்கின்றன. ரவுட்டரில் எஸ்க்யூஎம் (பாக்கெட் வரிசையை ஒழுங்குபடுத்தும் வசதி) இருந்தால் அதை இயக்கி, உங்கள் உண்மையான வேகத்தில் 90 சதவீதத்தை வரம்பாக வையுங்கள். வரிசை ரவுட்டரின் கட்டுப்பாட்டுக்குள் வந்துவிடும்.

நான் கடைசியில் செய்தது இவ்வளவுதான்: 15 மீட்டர் கேபிள் வாங்கி, ரவுட்டரை வீட்டின் நடுவே கொண்டுபோய் வைத்தேன். இப்போது ஆச்சியின் போனுக்கும் நல்ல சிக்னல், எனக்கும் மீட்டிங் நிற்பதில்லை. மெஷ் (வீட்டில் ஆங்காங்கே வைக்கும் பல வைஃபை பெட்டிகள்) வாங்கக் கிளம்பும் முன் இதைச் செய்து பாருங்கள்.