மார்பகப் புற்றுநோய்ச் சிகிச்சை முடிந்த 67 வயது அம்மாவை ஒன்லைன் உடற்பயிற்சிக் குழுவில் சேர்க்கலாமா?

தாராளமாகச் சேருங்கள். ஆனால் தனியே யூடியூப் வீடியோவுக்கு முன் நிறுத்தாதீர்கள், நாலு பேர் இருக்கும் குழுவாகப் பாருங்கள். நீங்கள் வெளிநாட்டில் இருந்து கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். இங்கே யாழ்ப்பாணத்தில் இருக்கும் சொந்தக்காரர் "அவவைச் சும்மா இருக்க விடு" என்றுதான் சொல்வார்கள்.

மார்பில் ஒப்பரேஷன் முடிந்து தெல்லிப்பழைப் புற்றுநோய் ஆஸ்பத்திரிக் கிளினிக்குக்குப் போய்வந்த காலத்தில், வாங்கில் காத்திருந்த நாங்கள் சிலர் நம்பர் மாற்றிக்கொண்டோம். எல்லோரும் அறுபது தாண்டியவர்கள். ஒருவரின் மருமகள் பிசியோதெரபிஸ்ட். அவர்தான் பின்னேரங்களில் சூமில் வந்து, கதிரையில் இருந்து எழும்புவது, சுவரில் விரலால் ஏறிக் கையை உயர்த்துவது, தண்ணீர்ப் போத்தல் தூக்குவது என்று பழக்கினார்.

எங்களில் ஒரு அக்கா கமராவைத் திறக்கவே மாட்டார். மகளுக்குக் கலியாணம் பேசுகிற நேரம். தாய்க்குப் புற்றுநோய் என்றால் சம்பந்தம் குழம்பிவிடும் என்ற பயம். ஊருக்குக் கர்ப்பப்பை ஒப்பரேஷன் என்றே சொல்லியிருந்தார். ஒருநாள் பயிற்சி முடிந்து கதைத்துக்கொண்டிருந்தபோது, "உங்களுக்கும் காப்புப் போடேலாமல் கை வீங்குதோ?" என்று கேட்டார். "ஓம், எனக்கும்" என்றேன். கமக்கட்டில் நிணநீர் முடிச்சு எடுத்தவர்களுக்கு வருகிற வீக்கம் அது என்று பிசியோ விளக்கி, கிளினிக்கில் காட்டச் சொன்னார். கைக்கு இறுக்கமான உறை கொடுத்தார்கள், பாரம் குறைந்தது. அதன்பிறகு கமராவும் திறந்தது.

வீங்கிய கையால் போத்தல் தூக்கலாமா என்று சண்டைக்கு வருபவர்களுக்கு: 2009இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வொன்றில், இப்படிக் கைவீக்கம் உள்ள பெண்கள் மேற்பார்வையோடு சிறுகச் சிறுகப் பாரம் கூட்டித் தூக்கியபோது வீக்கம் கூடவில்லை. எல்லோருக்கும் இது பொருந்தும் என்று நான் சொல்லவில்லை. நோய் எலும்புக்குப் பரவியவர்களும், புற்றுநோய் திரும்பாமல் இருக்கக் கொடுக்கும் லெட்ரோசோல் போன்ற மாத்திரையால் எலும்பு பலவீனமானவர்களும் முதலில் டொக்டரைக் கேட்க வேண்டும்.

கேட்காததையும் சொல்லிவிடுகிறேன். 2011இல் நாட்டின் தெற்கே தெய்வேந்திரமுனையில் இருந்து வடக்கே பருத்தித்துறை வரை நடந்து காசு சேர்த்துக் கட்டிய ஆஸ்பத்திரி, தெல்லிப்பழை ஆஸ்பத்திரி. அங்கே போகிற பஸ்களில் சிலது, நாங்கள் மற்றக் காலைப் படியில் வைக்க முன்னமே எடுத்துவிடுகின்றன. கையை உயர்த்திக் கம்பி பிடிக்க முடியாதவர்கள் என்ன செய்வது?

சரி, உங்கள் அம்மாவுக்கு வருவோம். டேட்டா போட்டுவிடுங்கள். முதல் சில வகுப்புகளுக்குப் பக்கத்தில் பிள்ளை ஒன்றை இருத்துங்கள். பயிற்சி முடிந்த உடனே போனை வாங்கிவிட வேண்டாம், பிறகுதான் கதை தொடங்கும்.