புதன்கிழமைக் கால்பந்தும் ஓட்டக் கணக்கில்தான்

கேள்வி: எனக்கு வயது 36. தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வர்த்தில் வசிக்கிறேன். புதிதாக ஓடுபவர்களுக்கான ஒன்பது வார அட்டவணையைப் பின்பற்றுகிறேன். இது மூன்றாவது வாரம். செவ்வாய், வியாழன், சனி ஓட்டம். புதன் இரவு ஐவர் கால்பந்து, வெள்ளி ஜிம்மில் கால்களுக்கு எடைப் பயிற்சி, ஞாயிறு நீச்சல். இப்போது இரண்டு கணைக்காலும் வலிக்கின்றன. மற்ற விளையாட்டுகளை விட்டுவிட வேண்டுமா? ஒருநாள் காம்ரேட்ஸ் நெடுந்தூர ஓட்டப் போட்டியில் ஓட வேண்டும் என்று ஆசை. தைப்பூசத்துக்குக் காவடியும் எடுப்பேன்.

பதில்: அன்புள்ள தம்பிக்கு, எதையும் விட வேண்டாம். நாட்களை மாற்றிப் போட்டால் போதும்.

செவ்வாய் முதல் சனி வரை உங்கள் கால்களுக்கு ஒரு நாள்கூட ஓய்வில்லை. ஐவர் கால்பந்தை நீங்கள் பொழுதுபோக்காக எண்ணுகிறீர்கள். ஆனால் சட்டென்று பாய்வது, நிற்பது, திரும்புவது என்று அட்டவணையில் உள்ள மெதுவோட்டத்தைவிடக் கால்களை அதிகம் வருத்தும் ஆட்டம் அது. எனவே அதையே வாரத்தின் மூன்று ஓட்டங்களில் ஒன்றாகக் கணக்கிடுங்கள்.

திங்கள் ஓட்டம், புதன் கால்பந்து, சனி ஓட்டம். வியாழன் நீச்சல், கால் தரையில் மோதாததால் ஆட்டத்துக்கு மறுநாளுக்கு அதுவே நல்லது. எடைப் பயிற்சியைத் திங்களன்று ஓடி முடித்த கையோடு செய்துவிடுங்கள். வெள்ளியன்று செய்தால் அந்தத் தசைவலியோடுதான் சனிக்கிழமை ஓடுவீர்கள். ஞாயிறு முழு ஓய்வு. இப்படிச் செய்தால் ஒன்பது வாரம் பன்னிரண்டாக நீளும். நீளட்டும். மூச்சு சில வாரங்களில் பழகிவிடும், எலும்பு பழக மாதக்கணக்கில் ஆகும். "இன்னும் ஓடலாம்" என்று தோன்றும் கட்டத்தில்தான் பலருக்குக் கணைக்கால் வலி வருகிறது.

அந்த வலியைச் சற்றுக் கவனியுங்கள். உட்கார்ந்து, கணைக்கால் எலும்பின் உள்விளிம்பைக் கட்டைவிரலால் மேலிருந்து கீழாக அழுத்திக்கொண்டே வாருங்கள். ஒரு சாண் நீளத்துக்குப் பரவலாக வலித்தால் பெரும்பாலும் அது மிகைப் பயிற்சியின் வலி. ஒரு வாரம் ஓட்டத்தையும் கால்பந்தையும் நிறுத்தி நீந்துங்கள். வலி அடங்கியபின் இரண்டாம் வார அட்டவணையிலிருந்து தொடங்குங்கள். ஒரே புள்ளியில் சுருக்கென்று வலித்தாலும், படுத்திருக்கும்போது வலித்தாலும் எலும்பில் விரிசல் இருக்கலாம். உடனே மருத்துவரிடம் காட்டுங்கள், தள்ளிப்போடாதீர்கள்.

சாட்ஸ்வர்த்தின் மேடுபள்ளங்களும் இப்போதைக்கு வேண்டாம், இறக்கம் கணைக்காலை இன்னும் படுத்தும். சனிக்கிழமை காலை நார்த் பீச்சில் நடக்கும் பார்க்ரன் என்ற வாராந்தரப் பொது ஓட்டத்துக்குப் போங்கள். சமதளமான கடற்கரைப் பாதை, 5 கிலோமீட்டர், கட்டணம் இல்லை, நடந்து முடித்தாலும் யாரும் எதுவும் சொல்ல மாட்டார்கள். அட்டவணைப்படி கொஞ்சம் ஓடி, கொஞ்சம் நடந்து முடியுங்கள்.

காம்ரேட்ஸ் ஆசையை மனமார வரவேற்கிறேன். 1921 முதல் டர்பனுக்கும் பீட்டர்மாரிட்ஸ்பர்க்குக்கும் இடையே ஏறக்குறைய 90 கிலோமீட்டர் ஓடும் போட்டி அது. அதில் சேரவே முதலில் ஒரு முழு மாரத்தானைக் குறித்த நேரத்துக்குள் முடித்திருக்க வேண்டும். ஆகவே இந்த ஆண்டுக்கு 5 கிலோமீட்டரே போதும்.

தைப்பூசம் டர்பனின் புழுக்கமான மாதங்களில் வருகிறது. விரத நாட்களில் ஓட்டத்தை விட்டு அதிகாலையில் நடங்கள், தண்ணீரைக் குறைக்காதீர்கள். காவடி சுமந்து வெறுங்காலில் நடப்பதும் கணைக்காலுக்குப் பாரம்தான். அதன்பின் இரண்டு நாள் ஓடவும் வேண்டாம், கால்பந்தும் வேண்டாம்.